பொருளோடு தொடர்பில்லாதவை

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தங்கைக்கு மூத்தவள் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு நியாயம் கிடையாது; ஆள் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைச்சல். வயது நாற்பத்து நான்கு. அவள் பார்த்த வேலை, ஊரார் எழுதும் அபிப்பிராயங்களைப் படிப்பது.

சொல்லும்போது சொகுசான வேலை மாதிரிதான் இருக்கும். இணையத்தில் ஒரு பெரிய கடை. புத்தகம், கணினி விளையாட்டு, கைபேசிச் செயலி, மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கிற சேவை, பாட்டுக் கேட்கிற சேவை என்று தொடங்கிச் சட்டி பானை வரைக்கும் எல்லாம் விற்கும். வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு, கீழே இருக்கும் பெட்டியில் நாலு வரி எழுதுவார்கள். அந்த நாலு வரி கடைக்குப் போவதற்கு முன்னால் பெரியவளின் திரைக்கு வரும். வசைச்சொல் இருந்தால் எடுக்கவேண்டும். தொலைபேசி எண், முகவரி இருந்தால் எடுக்கவேண்டும். விற்கிற பொருளோடு தொடர்பில்லாத எது இருந்தாலும் எடுக்கவேண்டும். விதிப்பட்டியலில் அதற்கு ஆறாம் எண். மிச்சத்தை ஏற்றி அனுப்பலாம். ஒரு நாளைக்கு நானூறு கருத்து. வேண்டாத வரியைச் சுட்டியால் இழுத்து நீலமாக்கி ஆறை அழுத்தினால் வரி மறைந்துவிடும். மறைந்தது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

அலுவலகம் நாலாவது மாடியில். பெரியவளின் நாற்காலிக்கு நேர் மேலே குளிர்சாதனத்தின் வாய். வருடம் முழுக்க ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். விளையாட்டு, புத்தகம், சேவைகள் ஆகிய மூன்றும் சேர்ந்த பிரிவில் ஆறு பேர். பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் அல்ல. ஏற்றி அனுப்பும் கருத்துகளில் எழுத்துப் பிழைகளையும் திருத்தி அனுப்புவார், அதனால் வந்த பெயர். அது அவர் வேலை இல்லை என்று மேலதிகாரி இரண்டு தடவை சொல்லியாயிற்று. "கண்ணுல படுதே, எப்படி விட்டுட்டுப் போறது?" என்பார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தால் இருபது நிமிடப் பேருந்து, மூன்று மாடிப் படி, வீடு. முந்தைய வருடம்வரை வீட்டில் அம்மா இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு பிசகியபிறகு, மாடிப்படி ஏற முடியாது என்று தங்கை வந்து தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "நீ எத்தனை வருஷம் பார்த்த, கொஞ்ச நாள் நிம்மதியா இரு" என்றாள் தங்கை. பெரியவள் நிம்மதியாக இருந்து பார்த்தாள். கொடியில் காயப்போடத் துணி இல்லை. சின்னப் பாத்திரத்தில் சமைத்தாலும் மறுநாளுக்கு மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வாத்தியாருக்குக் காலை வணக்கம் சொன்னால் குரல் கரகரவென்று வந்தது.

அப்படி இருந்த நாளில்தான் அரைத்தூக்கம் அவள் கண்ணில் பட்டார்.

அரைத்தூக்கம் என்பது கடையில் ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர். படுத்ததும் தூக்கம் வருவதற்காக மழைச்சத்தம் போடுகிற ஒரு செயலியைப் பற்றி அவர் எழுதியிருந்தார். "மழை நன்றாகப் பெய்கிறது. நடுவில் எங்கேயோ தூரத்தில் ஒரு நாய் குரைக்கிறது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு யாரோ வருகிற மாதிரி இருக்கிறது. நாலு நட்சத்திரம்."

பெரியவள் கடைசி வரிக்கு முந்தைய வரியை நீலமாக்கினாள். ஆறை அழுத்தினாள். மறைந்தது. அடுத்த கருத்துக்குப் போனாள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த வரி திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரிசையில் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினாள். வரிசையில் அடுத்தது எதுவோ அதைத்தான் எடுக்கவேண்டும், பொறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் வரப்போகும் பத்துப் பெயர்கள் ஓரத்தில் தெரியும். கையிலிருப்பதைக் கொஞ்சம் இழுத்தோ கொஞ்சம் விரட்டியோ முடித்தால் வேண்டியது தன் திரையில் விழும்படி செய்துகொள்ளலாம். இத்தனை வருடத்தில் அவள் செய்த முதல் திருட்டுத்தனம் அது.

அரைத்தூக்கம் வாரத்துக்கு இரண்டு மூன்று எழுதுவார். அடுக்குமாடி ஒன்றில் பேய் துரத்துகிற விளையாட்டு: "பேய் பரவாயில்லை. ஆனால் லிஃப்டின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு கதவை நான் கண்டதில்லை. பயப்பட முடியாமல் போய்விட்டது." ஒரு துப்பறியும் நாவல்: "தொண்ணூறாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல ஆள் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு மேலே படித்தேன். தப்பு. வேறு ஒருவன். கொலைகாரனைக் கண்டுபிடிப்பது கடினம்." நடையை எண்ணும் செயலி: "இருநூறு அடி நடந்ததற்கு வாழ்த்துச் சொல்லி வாணவேடிக்கை காட்டுகிறது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டிலிலிருந்து வாசல்கதவுக்குப் போய்த் திரும்பினால் இருநூறு. வாழ்த்து அதிகம், கூச்சமாக இருக்கிறது." படங்களைச் சேமித்துவைக்கும் சேவை: "ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே நாளில் என்று ஒரு படத்தைக் காலையில் நீட்டுகிறது. ஒருத்தியை மட்டும் காட்டாதே என்று சொல்ல வழி இல்லை. ஒன்று எல்லாரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை. எல்லாரும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். இரண்டு நட்சத்திரம்."

பெரியவள் ஒவ்வொன்றிலிருந்தும் லிஃப்டை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள், முட்டியை எடுத்தாள், மனைவியை எடுத்தாள். கடையில் தொங்கியவை: பேய் பரவாயில்லை. கொலைகாரனைக் கண்டுபிடிப்பது கடினம். வாழ்த்து அதிகம். ஒன்று எல்லாரும், இல்லாவிட்டால் யாரும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, இரட்டைக்கரை என்ற விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தார். லாந்தர் பிடித்த இருவர் சேர்ந்து ஆறுகளைக் கடந்துபோகிற விளையாட்டு. "நன்றாகச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரி நகர்கிறது. நாலாம் கட்டத்தில் பாலத்தை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். இரண்டாவது ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வதென்று பெட்டியில் எழுதவில்லை. நான் விளையாட்டை இயக்கும் கருவி ஒன்றைக் கையிலும் இன்னொன்றைக் காலிலும் பிடித்துப் பார்த்தேன். மூன்று நாளாகப் பாலம் எழும்பவில்லை."

பெரியவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையையும் காலையும் வெட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரட்டைக்கரையை வாங்கித் தன் பழைய மடிக்கணினியில் இறக்கினாள். விளையாட்டு என்று அவள் வாழ்க்கையில் எதையும் விளையாடியதில்லை. முதல் கட்டத்தில் பதினேழு தடவை தண்ணீரில் விழுந்தாள். நாலாம் கட்டத்தை எட்ட ஒன்பது நாள் ஆயிற்று. அங்கே பாலம் கிடந்தது. இந்தக் கரையில் அவள் நின்றாள். அந்தக் கரையில் இன்னொருவர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது.

கருத்து எழுதுகிறவர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் அவளும் கடையில் பொருள் வாங்கியவள்தானே, கருத்து எழுத உரிமை உண்டு. சுண்டெலி என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு எழுதினாள். "நல்ல விளையாட்டு. நாலாம் கட்டத்துக்கு யாருக்காவது ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கிறேன்."

மறுநாள் பதினோரு மணிக்குப் பக்கத்து மேசையில் வாத்தியார் லேசாகச் சிரித்தார்.

"இதக் கேளுங்கம்மா" என்றார். "விளையாட்டைப் பத்திக் கருத்துச் சொல்லுங்கன்னா வரன் தேடுற விளம்பரம் மாதிரி எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கேன்னு."

பெரியவள் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "யாரு சார்?"

"சுண்டெலியாம். பாவம், ஆம்பளையோ பொம்பளையோ. ஆறுதானே?"

"ஆறுதான். வெட்டிடுங்க சார்."

வாத்தியார் வெட்டினார். அவர் விரல் விசையில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அன்று அவள் முந்நூற்றுப் பத்தோடு நின்றுவிட்டாள். தலைவலி என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினாள். இந்தத் தடவை பதினொரு வருட அனுபவத்தையும் கூட்டி எழுதினாள். எது தங்கும், எது போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? "இரட்டைக்கரையில் பொது அறைகள் என்று ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அறையைத் திறந்து பெயர் வைத்தால் யாரும் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சுண்டெலி என்ற அறையில் சோதித்துப் பார்த்தேன். தடங்கல் இல்லை. நாலாம் கட்டத்தைத் தனியாக முயல்பவர்களுக்கு இது பயன்படும்." அது யார் திரையில் விழுந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஓர் ஒற்றெழுத்தை மட்டும் திருத்தியிருந்தார்கள். ஆகவே வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும்.

முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. லாந்தரைப் பிடித்துக்கொண்டு ஐந்தே கால்வரை நின்றாள். இரண்டாவது ஞாயிறு எவரோ ஒருவர் வந்தார், வணக்கம்கூடச் சொல்லாமல் ஆற்றில் குதித்தார், போய்விட்டார். மூன்றாவது ஞாயிறு நாலு பத்துக்கு, எதிர்க்கரையில் ஒரு லாந்தர் எரிந்தது. தலைக்குமேல் அரைத்தூக்கம் என்று எழுதியிருந்தது.

அந்த விளையாட்டில் குரல் கிடையாது, எழுதித்தான் பேசவேண்டும். பெரியவள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பொது அறை பத்தி எழுதினது நீங்களா?" என்று வந்தது.

"ஆமா."

"ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நறுக்குன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அப்படி வராது. நான் எழுதுறதுல பாதி கடையில வர்றதே இல்ல."

"அப்படியா?"

"எலி தின்னுட்ட மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். உங்களைச் சொல்லல, உங்க பேரு எலிங்கறதால கோவிச்சுக்காதீங்க."

"பாலத்தைத் தூக்கலாமா" என்று எழுதினாள்.

மூன்று சொல்லித் தூக்கினார்கள். முதல் இரண்டு முறை அவள் முந்திக்கொண்டாள், பாலம் சாய்ந்தது. மூன்றாவது முறை எழும்பியது. மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாகப் படிந்து உட்கார்ந்தன. இருவரும் நடுப்பாலத்தில் சந்தித்துக்கொண்டபோது விளையாட்டு தானாகவே இரண்டு லாந்தர்களையும் கொஞ்சம் பிரகாசமாக்கிக் காட்டியது. "அடடே" என்று எழுதினார் அவர். அவ்வளவுதான். பெரியவள் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நாலு மணி என்றால் நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் லாந்தர் எரிந்துகொண்டிருக்கும். நடந்துகொண்டே பேச்சு. பெரும்பாலும் அபிப்பிராயங்கள்தான். நிலா வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருந்திருக்கலாம். ஒரு படச் சேவையில் நல்ல படங்களை எடுத்துவிட்டுச் சமையல் போட்டிகளாக நிரப்பிவிட்டார்கள். கடலைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது, முந்நூறு பக்கம்வரை யாரும் கடல் பக்கமே போகவில்லை. பெரியவள் தன் பங்குக்கு, பாட்டுச் சேவை ஒன்று ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்டாலே அதே மாதிரி நூறு பாட்டை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதைச் சொன்னாள். "பந்தியில ஒரு அப்பளத்தைப் பாத்துட்டா கூடையோட தலையில கவிழ்க்கிற ஆளு மாதிரி" என்று எழுதினாள். "அது சரி" என்று எழுதி, வரிசையாக நாலு சிரிப்பு போட்டார் அவர். தான் ஒருவரைச் சிரிக்கவைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று பெரியவள் யோசித்துப் பார்த்தாள். கணக்கு பிடிபடவில்லை.

தன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை என்பதுதான் விஷயம். வாரநாட்களில் அவருடைய கருத்துகள் முன்புபோலவே அவள் திரையில் விழுந்தன, விழவைத்தாள், வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேசும்போது அவர் சொல்லாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சில சமயம் எதை அவர் சொன்னார், எதை அவள் வெட்டினாள் என்பதே குழம்பியது. அது அவளுக்குப் பழகிய ஒருவரோடு பேசுகிற சுகத்தைத் தந்தது. அவருக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

ஏழாவது ஞாயிறு. ஒரு செங்குத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருந்தபோது அரைத்தூக்கத்தின் லாந்தர் நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம். கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வர்றேன்."

பெரியவள் யோசிக்கவே இல்லை. "முட்டி இன்னும் வலிக்குதா? வாசக்கதவுவரைக்கும் போய்ட்டு வாங்க, இருநூறு அடி ஆயிடும்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய வரி திரையில் நின்றது. நேரம் போயிற்று. அவர் நடந்துவிட்டு வந்திருக்கவேண்டும்.

"முட்டி பத்தி உங்ககிட்ட நான் சொன்னதே இல்லையே" என்று வந்தது.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. கைவசம் ஒரு பொய்யும் இருந்தது. "அந்த நடை எண்ணுற செயலி பத்தி எழுதியிருந்தீங்களே."

"அதுல முட்டி வரல. நான் பாத்தேன். வாழ்த்து அதிகம்னு ரெண்டு வார்த்தைதான் வந்துச்சு."

கீழ்வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். பெரியவள் அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கதான் வேலை பாக்கறேன்" என்று எழுதினாள். "கருத்துப் பிரிவுல."

"வெட்டுறது நீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க."

"எனக்கு வந்ததை."

"அவளைப் பத்தி எழுதினதையுமா?"

"ஆமா."

மூன்று புள்ளிகள் வந்தன. அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். புள்ளிகள் நின்றன. மறுபடி வந்தன. பிறகு பாறையில் அவருடைய லாந்தர் அணைந்தது. அரைத்தூக்கம் அறையைவிட்டு வெளியேறினார் என்று விளையாட்டு அறிவித்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் வேலையாக ஓரத்துப் பட்டியலைப் பார்த்தாள். அவர் ஒரு வரி புகார் எழுதிப்போட்டால் போதும், வேலை போய்விடும். அந்தப் புகார் தன் திரையிலேயே வந்து விழுமோ என்றுகூட நினைத்தாள். வாரம் முடிந்தது. புகார் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. ஓரத்துப் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஓடின, அந்தப் பெயர் மட்டும் இல்லை. வேலை போயிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. யாரோ கோபப்பட்ட மாதிரியாவது இருந்திருக்கும்.

தங்கை தொலைபேசியில், "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஏசி ஒத்துக்கல."

"அம்மாகிட்ட குடுக்கவா? சீரியல் பாத்துட்டு இருக்காங்க."

"வேணாம், பாக்கட்டும்."

மூன்றாவது வாரம் அந்தப் பெயர் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு வாசிப்புச் செயலி. அவள் அவசரமாகக் கையிலிருந்ததை முடித்து அதைப் பிடித்தாள். "பயன்படுத்த எளிது. எழுத்து தெளிவாக இருக்கிறது. விலைக்கு ஏற்ற பொருள். மூன்று நட்சத்திரம்."

திரும்பப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். வெட்ட ஒன்றும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

"என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா?" என்றார் வாத்தியார்.

"இல்ல சார்."

"ஒரே பக்கத்தையே பாத்துட்டு இருக்கீங்களே."

"ரொம்பச் சரியா எழுதியிருக்காங்க சார்" என்றாள். ஏற்றி அனுப்பினாள்.

மத்தியானம் மேலதிகாரியின் அறைக்குப் போய்ப் பிரிவை மாற்றித் தரும்படி கேட்டாள். மேலதிகாரி அவளைவிட எட்டு வயது இளையவள், நல்லவள். "பாத்திரம் பண்டம் பிரிவுல மட்டும்தான் இடம் இருக்கு. அங்கே யாரும் போக மாட்டேங்கறாங்களே, நீங்களா கேக்கறீங்க?" என்றாள்.

"ஒரு மாறுதலா இருக்கும்."

"மூடி சரியா உக்காரலன்னு ஒரு நாளைக்கு நூறு பேர் எழுதுவாங்க. பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

வாத்தியாருக்குத்தான் வருத்தம். போகிற அன்று அவள் மேசைக்கு வந்து நின்றார். என்னவோ சொல்ல வந்து, "அங்க ஏசி இவ்வளவு அடிக்காது, உங்களுக்கு நல்லதுதான்" என்றார். பிறகு, "அந்தச் சுண்டெலியோட ரெண்டாவது கருத்து நல்லா வந்திருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று பெரியவள் கேட்கவில்லை. முதல் தடவையாக அவரை நினைத்து அவளுக்கு என்னவோ செய்தது. எத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு அறையைத் திறப்பதை மட்டும் அவள் விடவில்லை. நம்பிக்கை என்று சொல்லமுடியாது. வேறு வேலை இல்லை. லாந்தரைக் கரையில் நிறுத்திவிட்டு, அவளே எழுந்துபோய்த் துணி மடிப்பாள், தரையைத் துடைப்பாள், வந்து பார்ப்பாள்.

ஐந்தாவது ஞாயிறு வந்து பார்த்தபோது எதிர்க்கரையில் வெளிச்சம் இருந்தது.

"இருக்கீங்களா?" என்று அவர் எழுதி ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"இருக்கேன்" என்று ஈரக்கையோடு எழுதினாள். "மன்னிச்சிடுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் வேறு எழுதினார். "ஒண்ணு கேக்கணும். நான் எதுக்கும் நகல் வெச்சுக்கல. அந்தப் பெட்டியில எழுதி அப்படியே அனுப்பிடுவேன். அவ போனப்புறம் அவளைப் பத்தி நான் வேற எங்கேயும் எழுதினதில்ல, யார்கிட்டயும் பேசினதும் இல்ல. வெட்டினதுல ஏதாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

பெரியவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. ஒரு நாளைக்கு நானூறில் மற்ற எதுவும் தலையில் தங்குவதில்லை. இவை மட்டும் தங்கியிருந்தன. ஒவ்வொன்றாக எழுதினாள். அகராதிச் செயலி பற்றி எழுதியபோது, அவர் மனைவி குறுக்கெழுத்தில் தெரியாத கட்டங்களில் தானாக ஒரு சொல்லை உண்டாக்கி நிரப்பி, அதற்கு அர்த்தமும் சொல்வாள் என்று எழுதியிருந்தார். பாட்டுச் சேவை பற்றி எழுதியபோது, அவள் பாட்டின் நடுவிலிருந்துதான் பாடத் தொடங்குவாள் என்றும், எல்லாப் பாட்டுக்கும் முதல் வரியே தெரியாது என்றும் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாடகை வண்டிச் செயலியில் ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி அவள் வற்புறுத்தியதை எழுதியிருந்தார்.

"அதையும் எழுதினேனா?" என்று கேட்டார்.

"எழுதியிருந்தீங்க. பின்சீட்டுல படுத்துக்கிட்டே சொன்னாங்கன்னு."

"சாஞ்சு உக்காந்திருந்தா. படுக்கல."

"உங்க கருத்துல 'படுத்துக்கிட்டே'ன்னுதான் இருந்துச்சு."

"அப்படின்னா நான்தான் தப்பா எழுதிட்டேன்."

இன்னும் சொல்லுங்கள் என்றார். ஞாபகம் தீரும்வரை எழுதினாள். விரல்நுனிகள் வலித்தன. இடையிடையே அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ மட்டும் எழுதினார். ஜன்னலில் வெயில் இறங்கியபோது, "போதும்" என்றார். "அடுத்த வாரம் வருவேனான்னு தெரியல. எனக்கு இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"சரி."

"அங்கேயேதான் வேலை பாக்கறீங்களா?"

"மாத்திக்கிட்டேன். இப்பச் சட்டி பானை. நீங்க எழுதுறது இனிமே எனக்கு வராது."

"அப்ப யாரு படிப்பாங்க?"

"ஒரு வாத்தியார் இருக்கார். பிழை இருந்தா திருத்திடுவார்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கு அடுத்ததில் வந்தார், பேச்சில்லாமல் ஒரு ஆற்றைக் கடந்தார்கள், போய்விட்டார். இப்படியாகத்தான் மறுபடி தொடங்கியது. மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். வராத ஞாயிறுகளில் பெரியவள் இப்போது பேருந்து பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "இளைச்சுட்டே" என்பாள். வேறு பேச்சு இருக்காது. அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பாள்.

கடையில் அரைத்தூக்கம் எழுதுவதை அவளும் மற்றவர்கள் மாதிரி வெளியிலிருந்துதான் பார்த்தாள். புதிதாக வந்த ஒரு மீன்பிடி விளையாட்டுக்கு, மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் தொங்கியது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் வந்த ஒரு ஞாயிறு, கேட்டுவிட்டாள்.

"மீன் விளையாட்டுல என்ன எழுதியிருந்தீங்க?"

"அவ்வளவுதான் எழுதினேன். மீன் நல்லா இருக்குன்னு." கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி வந்தது. "எப்பவும் என்னையே கேக்கறீங்க. உங்களைப் பத்தி எனக்கு எலிங்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீங்க எப்படி இருக்கீங்க?"

பெரியவள் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாள். அனுப்பவில்லை. அதை அழித்துவிட்டு, அம்மா விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். நீளமாகப் போயிற்று. நடுவில் அம்மாவின் காலிக் கட்டிலைப் பற்றி வந்தது, கொடியைப் பற்றி வந்தது, சட்டி பானைப் பிரிவில் மூடி உட்காராதவர்களைப் பற்றி வந்தது. எதிர்க்கரையில் அவருடைய லாந்தர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஆறு மணிவரை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று அவர்கள் ஆற்றில் காலே வைக்கவில்லை.